22-ஆ, 47-ஆ?

சிந்தாதிரிப்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது என் வேலை. பச்சை குத்தும் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி, தானே செய்த டாட்டூ மிஷினைத் துணியில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார். இரும்புப் பட்டையை வளைத்துச் செய்த ஃபிரேம். அதில் கையால் கம்பியை எட்டு அடுக்குச் சுற்றிய இரண்டு காயில்.

"ஓடுதுண்ணா. ஆனா ரெண்டே நாள்ல பாயிண்ட் தீஞ்சு போவுது. என்ன கண்டென்சர் போடலாம்?"

பார்த்ததுமே வேலை புரிந்துவிட்டது. பழைய காலிங் பெல் எப்படி ஓடுமோ அப்படித்தான் இதுவும். காயிலில் கரண்ட் பாய்ந்தால் காந்தம் ஆர்மேச்சர் என்ற இரும்புத் துண்டைக் கீழே இழுக்கும், ஊசி இறங்கும். இழுத்த அந்த நொடியே ஸ்பிரிங் பட்டை திருகை விட்டு விலகி இணைப்பு அறுந்துவிடும், ஸ்பிரிங் மறுபடி மேலே வரும். நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு தடவை அறும்போதும் காயிலில் தேங்கிய சக்தி போக வழி தேடி, பாயிண்டில், அதாவது பட்டையும் திருகும் தொடும் இடத்தில், பொறியாகத் தாவுகிறது. பழைய அம்பாசிடர் இன்ஜினில் இதே மாதிரி இணைப்பை அறுக்கும் பிளாட்டினம் பக்கத்தில், சார்ஜைத் தேக்கிக்கொள்ளும் ஒரு கண்டென்சர் இருக்குமே, அதே போல ஒன்று இங்கேயும் வேண்டும்.

முதலில் நான் போட்டது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு. ரிலே காயிலுக்கு எப்போதும் அதைத்தான் போடுவேன், கை தானாக அங்கேதான் போகும். பொறி போனது. கூடவே மிஷினின் துடிப்பும் போனது. டயோடு வழியாகக் கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தம் ஆர்மேச்சரைச் சட்டென்று விடவில்லை. மிஷினுக்குக் கரண்ட் தரும் கிளிப் கார்டை யாராவது மாற்றி மாட்டினால் நேரே ஷார்ட்டும் ஆகும். எடுத்துவிட்டேன்.

அப்புறம் 100 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் அளவு) கண்டென்சர் போட்டேன். பொறி சுத்தமாகக் காணோம். எனக்குத் திருப்தியாக இருந்தது, தம்பியையும் சந்தோஷமாகத்தான் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக் காட்டினார். தொடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு. ஒன்று நான் கண்டென்சர் போடுவதற்கு முன்னால் போட்டது, மயிரிழை மாதிரி மெல்லிசாக, ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. இன்னொன்று நான் சரிசெய்து கொடுத்த மிஷினில் போட்டது. சிவந்து தடித்து, நடுநடுவே மை நிற்காமல் வெளுத்திருந்தது. ஊசி மெதுவாகிவிட்டதால் ஒரே கோட்டின் மேல் மூன்று தடவை போக வேண்டியிருந்ததாம். "தோலு கிழியுதுண்ணா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பாயிண்டைக் காப்பாற்றும் அவசரத்தில் தோலை மறந்துபோயிருந்தேன்.

கண்டென்சர் பெரிதானால் பொறி குறையும் என்பது சரிதான். ஆனால் இணைப்பு அறுந்த பிறகும் கரண்ட் அதற்குள் பாய்ந்துகொண்டே இருக்கும், அதனால் காந்தம் பிடியைத் தளர்த்த நேரம் எடுக்கும். பாயிண்ட் மறுபடி தொடும்போது, தேங்கிய சார்ஜ் முழுக்க ஒரே மூச்சில் அதன் வழியாகக் கொட்டும். அந்தச் சூட்டில் திருகும் ஸ்பிரிங்கும் லேசாக ஒட்டிக்கூடப் போகலாம்.

அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கி, லைட்டை அணைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். 10, 22, 47, 100 என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். 10-ல் வெளுத்த பொறி சிதறியது. 22-ல் திருகு முனையில் நீலமாக ஒரு புள்ளி மட்டும், சத்தம் வண்டு மாதிரி கூர்மை. 47-ல் புள்ளியும் மங்கியது, சத்தம் கொஞ்சம் தடித்தது. கண்ணை மூடிக் கேட்ட தம்பி, "இது ஷேடிங்குக்கு, முன்னாடி கேட்டது லைனுக்கு" என்றார். இந்தத் தொழிலில் பலரும் போடுவதும் கோடு போடும் லைனருக்கு 22, நிழல் நிரப்பும் ஷேடருக்கு 47-தான். 22-க்குப் பதில் 25 ஆகுமா என்று கேட்பவர்களும் உண்டு. உள்ளே திரவம் உள்ள இந்த எலக்ட்ரோலிடிக் வகைக் கண்டென்சரில் மதிப்பு 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், அதனால் ஆகும்.

வோல்ட்டேஜில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிஷின் ஓடுவது 7, 8 வோல்ட்டில், அதனால் 16 வோல்ட் கண்டென்சரே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இணைப்பு அறும்போது எழும் உதை அந்த 7, 8 வோல்ட்டைவிடப் பல மடங்கு. தம்பி முன்பு ஒரு தடவை தானே போட்டுப் பார்த்த 16 வோல்ட் கண்டென்சரின் தலை குடைக்காளான் மாதிரி உப்பியிருந்தது. 50 வோல்ட்டுக்குக் குறைந்து நான் போடுவதில்லை, 63 கிடைத்தால் இன்னும் நல்லது. 22 எம்எஃப்டி, 50 வோல்ட் என்றாலும் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், இடப் பிரச்சினை வராது.

பழைய போர்டில் பிடுங்கியதை மட்டும் வேண்டாம் என்பேன். மீட்டரில் 22 என்றே காட்டும், ஆனால் உள்ளே திரவம் காய்ந்து தடை ஏறியிருக்கும், பொறியை அடக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிதாக வாங்கும்போது 105 டிகிரி என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் கணக்கு. மே மாதச் சென்னையில், காயில் சூட்டுக்கு நடுவில் உட்காரும் பொருளுக்கு 85-ஐவிட 105 நிச்சயம் தாங்கும்.

இன்னொன்று, பிளஸ் மைனஸ். கிளிப் கார்டு தலைகீழாகப் போனால் எலக்ட்ரோலிடிக் வீங்கிக் கசியும், கசிவது குத்துகிறவர் விரலுக்குப் பக்கத்திலேயே. அதனால் பிளஸ் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு புள்ளி வைக்கிறேன், கண்டென்சருக்கு மேல் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவும் சுருக்கிவிடுகிறேன். ஊசி, குழாய் பக்கம் நான் கை வைப்பதில்லை. அதைக் கிருமி நீக்குவது அவர் பொறுப்பு, ஆட்டோகிளேவ் இல்லாமல் யார் தோலிலும் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் மிஷினைக் கையில் கொடுப்பேன்.

என் ஆத்தா முழங்கையில் குறத்தி குத்திய கோலப் புள்ளிகள் கடைசிவரை இருந்தன. வெறும் ஊசியும் கையும்தான், ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. பாயிண்டில் பொறி பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் தம்பி இரண்டாவது ஃபிரேமோடு வந்தார், இந்தத் தடவை பத்து அடுக்கு. "இதுக்கு எவ்ளோண்ணா?" என்றார். நான் எழுந்து போய் லைட்டை அணைத்தேன்.