சீனியா, சாயமா, மூக்கா?

ஜூன் 12, 2024
மகனின் மூன்றாம் வகுப்பு மிஸ் கூப்பிட்டுவிட்டார். "போர்டைத்தான் பார்க்கிறான், மனசு இங்க இல்லைங்க." சொல்வதெழுதலில் பாதிக்கு மேல் காலி. அத்தையின் தீர்ப்பு உடனே வந்தது: "சீனியைக் குறை, தானா அடங்குவான்." அவன் ஆட்டம் போடுகிற பிள்ளையே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே எங்கோ போய்விடுகிறான்.

ஜூன் 16
சீனிக்கு அவ்வளவு சக்தி இல்லை போலிருக்கிறது. 1994-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பையன்கள் எல்லோருக்குமே சீனியே இல்லாத செயற்கை இனிப்பான அஸ்பார்டேம்தான் கொடுத்தார்கள். சீனி கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அம்மாக்கள் மட்டும் "ஒரே ஆட்டம்" என்றார்கள். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அது வெள்ளைக்காரப் பிள்ளைக" என்றுவிட்டார்.

சாயத்தை அப்படித் தள்ள முடியவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3 வயது, 8–9 வயதுப் பிள்ளைகளுக்குச் செயற்கைச் சாயங்களும், பண்டம் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்ததில் பரபரப்பு கொஞ்சம் கூடியது. எல்லாப் பிள்ளைக்கும் அல்ல. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆய்வில் இருந்த ஆறு சாயங்களில் ஒன்று இருந்தாலும் பாக்கெட்டில் எச்சரிக்கை போட்டாக வேண்டும். இவன் விரல் விரலாக மாட்டிக்கொண்டு தின்கிற குழல் அப்பளப் பாக்கெட்டைத் திருப்பினேன்: சாய எண்கள் 102, 110. இரண்டும் அந்த ஆறில் உண்டு.

ஜூன் 24
குழல் அப்பளம் நிறுத்தம். பாலையும் கோதுமையையும் சேர்த்து நிறுத்தச் சொல்கிறாள் அக்கா, வாட்ஸ்அப்பில் வந்ததாம். மாட்டேன். வளர்கிற பிள்ளைக்கு ஆளாளுக்குச் சொல்வதை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தால் சத்துக்கு எங்கே போவது?

ஜூலை 6
குழந்தை டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முன்பே முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருமை. உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தேய்க்கிற பழக்கம்; மூக்கின் மேல் அதனால் விழுந்த ஒரு கோடு. "ராத்திரி வாயைத் திறந்துதானே தூங்குறான்?" தூசி ஒவ்வாமையாம். மூக்கு அடைத்தால் தூக்கம் கெடும். அரைத் தூக்கத்தில் பள்ளிக்குப் போனால் கவனம் எப்படி நிற்கும்? போதாததற்கு, காலையில் கொடுக்கிற சளி சிரப்பில் குளோர்பெனிரமின், அதுவும் தூங்கவைக்கிற மருந்து. அதற்குப் பதில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. தலையணை உறையை வாரா வாரம் வெந்நீரில் துவைக்க வேண்டும். இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின் டெஸ்ட்டும் எழுதினார்.

ஜூலை 27
ஃபெரிட்டின் குறைவு. டானிக் ஆரம்பம், பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாதாம். வாயை மூடித் தூங்குகிறான், வகுப்பிலும் விழித்திருக்கிறான் என்கிறார் மிஸ். ஆனால் 'b'-யும் 'd'-யும் இன்னும் இடம் மாறுகின்றன. அதைச் சாப்பாட்டின் தலையில் கட்ட முடியாது. டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) பரிசோதனைக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம்.