முடியும், ஆனால் கொடுக்கவில்லை

கல்லூரிப் பாடங்களை இணையத்தில் நடத்த நாங்கள் பயன்படுத்தும் மூடுல் (Moodle) மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பயன்படுத்துகிறவர்களே அவரவருக்குப் பிடித்த 'தீம்' (theme, அதாவது திரையின் தோற்றம்) ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு அட்மின் ஒரு டிக் போட்டால் போதும். அந்த டிக்கை நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டவர் எங்கள் வணிகவியல் துறையின் மூத்த ஆசிரியை. அவருக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தளத்துக்கு ஒரு தீம் தேர்ந்தெடுத்தது அவசரத்தில் இல்லை. மூடுலின் 3.9 பதிப்பிலிருந்து 4.1க்கு மாறியே தீரவேண்டிய நேரம் அது. சோதனைத் தளத்தில் பூஸ்ட், கிளாசிக், மூவ், அடாப்டபிள் என்ற தீம்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நிர்வாகத்துக்கு மூவ் பிடித்திருந்தது; முகப்பில் பெரிய படங்கள் ஓடும், பார்க்கக் களையாக இருக்கும். என் கவலை வேறு. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் செல்போனைப் பார்க்கிறவர்கள். கன்னியக்கோயில் வருவதற்குள் அவர்களுக்குத் தெரியவேண்டியது எந்த அசைன்மென்ட் இன்று ராத்திரியோடு முடிகிறது என்பதுதான். ஓடுகிற படம் அதற்கு உதவாது, டேட்டாவைத்தான் தின்னும். மூவ், அடாப்டபிள் போல வெளியாட்கள் செய்த தீமில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூடுலின் அடுத்த பதிப்பு வந்தால், அந்தத் தீம் செய்தவர் அதற்கேற்ப மாற்றித் தரும்வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பூஸ்ட் மூடுலோடு சேர்ந்தே வருகிறது. 2016 டிசம்பரில் வந்த 3.2 பதிப்பு முதல் நாம் மாற்றாதவரை தானாக இருக்கும் தீம் அதுதான்.

பூஸ்ட்டை வைத்துக்கொண்டு நிறத்தில்தான் அதிகம் மல்லுக்கட்டினேன். எங்கள் கல்லூரி லோகோ பொன்மஞ்சள். பொத்தான்களும் அதே மஞ்சளில், வெள்ளை எழுத்தோடு வேண்டும் என்றார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகளில் உள்ள அளவு. அந்த மஞ்சளில் வெள்ளை எழுத்து 2ஐக்கூடத் தொடவில்லை. வெயிலில் செல்போனைப் பிடித்துக் காட்டியபோது 'சமர்ப்பி' என்ற சொல்லே மறைந்துபோனது. அப்புறம்தான் கருநீலத்துக்குச் சம்மதித்தார்கள். தமிழில் தலைப்பு வைத்த பாடங்கள் இரண்டு மூன்று வரியாக மடங்கும்போது, மேல் வரியில் 'பூ', 'யூ' போன்ற எழுத்துகளின் கால் கீழ் வரியின் புள்ளிமேல் போய் இடித்தது. வரி இடைவெளியைக் கூட்டிச் சரிசெய்தேன். இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் ஒரு தீம் உபயோகமாக இருக்கிறதா இல்லையா என்பது இந்த மாதிரி இடங்களில்தான் தீர்மானமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிளாசிக்கை ஏன் விட்டேன் என்றும் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் அதுவரை பார்த்துப் பழகிய திரை அதுதான். இடப்பக்கம் பெட்டிகள், நடுவே பாடம், வலப்பக்கம் மறுபடி பெட்டிகள். செல்போனில் திறந்தால் இந்தப் பெட்டிகளெல்லாம் பாடத்துக்கு அடியில் போய்விடும், விரலால் தள்ளித் தள்ளி அலுத்துப்போகும். 4.0இல் புதிதாக வந்த, பாடத்தின் பகுதிகளை ஓரத்தில் பட்டியலிடும் வசதியும் (course index) அதில் இல்லை. அதனால் பூஸ்ட்தான் என்று முடிவாயிற்று.

புதிய திரைக்கான ஆசிரியர் பயிற்சி முடிந்து எல்லோரும் லேபிலிருந்து கிளம்பிய பிறகு அந்த வணிகவியல் மேடம் மட்டும் இருந்தார். ஒரு கோடு போட்ட நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க ஒரு செவ்வகம், அடிக்கோல் வைத்து மூன்றாகப் பிரித்தது. இடப்பக்கக் கட்டத்தில் பெட்டிகளின் பெயர்கள் நீல மையில், வரிசை மாறாமல். மதிப்பெண் போடும் இடத்துக்குச் சிவப்பில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் 'இதைத் தொட்டால் கீழே விரியும், பயப்பட வேண்டாம்' என்று தனக்கே எழுதிக்கொண்ட ஒரு குறிப்பு. கொரோனா காலத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே பார்த்துப் பார்த்து வரைந்தது அது.

"எனக்கு மட்டும் பழைய மாதிரியே வச்சுத் தர முடியுமா தம்பி?"

முடியாது என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "முடியும் மேடம். ஆனா யாருக்கும் கொடுக்கறதா இல்ல" என்றேன்.

"முடியும்னா ஏன்?"

எல்லோருக்கும் ஒரே திரை இருந்தால்தான், பாதியில் மாட்டிக்கொண்ட ஒரு மாணவி கூப்பிடும்போது ஆசிரியரால் வழி சொல்ல முடியும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைங்க ஆப்லதான் பாக்கறாங்க. அன்னிக்கு ஒரு பொண்ணு காட்டிச்சு. அது நீங்க இப்ப காட்டினதும் இல்ல, என் நோட்டுல இருக்கறதும் இல்ல. அப்ப ஏற்கெனவே வேற வேறதானே?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. மூடுலின் செல்போன் ஆப்புக்குத் தனி முகம். தளத்தில் நாம் எந்தத் தீம் வைத்தாலும் அது அங்கே போகாது. "ஆப் வேற மேடம், நான் சொல்றது பிரவுசர்ல" என்று ஏதோ சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

பிறகு பல தடவை அந்தப் பேச்சை எனக்குள் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். என் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆப்பில் பார்க்கிற பிள்ளைகளும் கல்லூரி லேபில் பிரவுசரில்தான் தேர்வு எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் கேள்வி ஏற்றுவதும் மதிப்பெண் போடுவதும் கம்ப்யூட்டரில்தான். இரண்டு தீம் என்றால் இரண்டு பயிற்சிக் குறிப்பு, இரண்டு வீடியோ, எது கோளாறானாலும் இரண்டிலும் சோதனை. அதைச் செய்ய இங்கே இருப்பது நான் ஒருவன். இதை அன்றைக்கே நேராகச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளின் பெயரைச் சொன்னபோது காரணம் பெரியதாகத் தெரிந்தது, அவ்வளவுதான் என்று சில நேரம் தோன்றுகிறது. இல்லை, பிள்ளைகளுக்காகவும்தான் என்று உடனே இன்னொரு பக்கம் மனசு சொல்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பயனருக்கு எளிதான தீம் என்று நான் தேடியபோது, என் கண்முன் இருந்த பயனர் இருபது வயதுக்காரர், கையில் செல்போன் வைத்திருப்பவர். நிறத்தை அளக்க எண் இருந்தது, வரி இடைவெளிக்கு எண் இருந்தது. ஒருவர் தானாகவே கற்று, பயத்தை விட்டு, நோட்டில் வரைந்து வைத்த வழிக்கு எந்த அளவுகோலும் இல்லை. அவரைப் போன்றவர்கள் எங்கள் கல்லூரியில் அதிகம் பேர் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மற்றவர்களில் எத்தனை பேர் கேட்காமலேயே போனார்களோ. அவர் கேட்டார், அதனால் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் பாடப்பக்கத்தை ஏதோ வேலையாகப் பார்த்தேன். மதிப்பெண்கள் எல்லாம் ஒழுங்காக ஏறியிருந்தன. எப்படி என்று கேட்டேன். அவர் பையன் மதிப்பெண் பக்கத்தின் முகவரியை பிரவுசரில் புக்மார்க் செய்து கொடுத்துவிட்டானாம். தீம் மாறினாலும் முகவரி மாறாது. நான் தேர்ந்த திரையில் வழி தேடாமலே அவர் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். இது என் முடிவுக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து 4.5க்குப் போகவேண்டும். சோதனைத் தளம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த முறை எந்தத் தீம் என்று முடிவு செய்வதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறேன். டிக்கைப் போடலாமா என்று முதல்வர் கேட்டால், இன்றைய நிலையில், வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேடம் மறுபடி கேட்டால் எந்தக் காரணத்தைச் சொல்வது என்றுதான் இன்னும் தீர்மானிக்கவில்லை.