மெல்பாவின் 1904 தட்டுகளைக் கேட்பதற்கு முன்

ஆஸ்திரேலிய ஓபராப் பாடகி நெல்லி மெல்பாவின் 1904 இசைத்தட்டுப் பதிவுகளை முதல் தடவை கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏமாற்றம்தான். விசில் அடிப்பது மாதிரி ஒரு மெல்லிய குரல், தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல ஒரு பியானோ, இரண்டுக்கும் மேலே ஓயாத இரைச்சல். இதற்கா அவ்வளவு பேர், அவ்வளவு விலை என்று தோன்றும். அந்த ஏமாற்றத்தில் ஒரு பங்கு நாம் தட்டை ஓட்டும் முறையில் இருக்கிறது, அதைத் திருத்திவிடலாம். இன்னொரு பங்கு அன்றைய கருவி பிடிக்காமலே விட்டது. அது என்ன செய்தாலும் திரும்பாது. எது எந்தப் பங்கு என்று தெரியாமல் மெல்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வீண்.

மெல்பா மேடையேறியது 1887-ல், பிரஸ்ஸல்ஸில், 'ரிகொலெத்தோ' ஓபராவின் கில்டா பாத்திரத்தில். 1904 மார்ச்சில் கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் கம்பெனி கருவிகளை லண்டன் கிரேட் கம்பர்லேண்ட் பிளேஸில் இருந்த அவருடைய வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனது. அப்போது அவருக்கு வயது 42. ஆகவே 'ஆரம்பப் பதிவு' என்றதும் இளம்பெண்ணின் குரலை எதிர்பார்க்க வேண்டாம்; 17 வருட மேடை அனுபவம் உள்ள குரல் இது. வெளிர் ஊதா லேபிள் ஒட்டி, தட்டு ஒன்றுக்கு 21 ஷில்லிங் விலை வைத்தார்கள். புகழ்பெற்ற டெனர் (மேல் ஸ்தாயி ஆண்குரல்) தமாஞோவின் தட்டைவிட ஒரு ஷில்லிங் கூடுதல். அந்த ஒரு ஷில்லிங்கில் மெல்பாவின் குணம் முழுக்க இருக்கிறது.

முதல் வேலை வேகம். '78 சுற்று' என்பது பிற்காலத்தில் நிலைத்த கணக்கு. 1904-ல் பதிவு மேசையைச் சுழற்றியது கீழே இறங்கும் எடைக்கல். நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80-க்கு மேலும் எங்கு வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். 73.6 சுற்றில் பதிந்த தட்டை 78-ல் ஓட்டினால் சுருதி சரியாக அரைக் கட்டை ஏறிவிடும். சுருதி மட்டும் ஏறினால் பரவாயில்லை. 'ஆ' என்ற உயிரெழுத்தின் நிறமும் கூடவே மேலே போய், நடுவயதுப் பெண்ணின் குரல் சிறுமியின் குரலாகிவிடும். குரலின் அதிர்வும் (வைப்ராட்டோ) படபடக்கும். மெல்பா மீது சொல்லப்படும் 'உயிரில்லாத குரல்' என்ற புகாரில் கணிசமான பகுதி இந்த அரைக் கட்டைதான் என்பது என் கணிப்பு.

சரிபார்ப்பது சுலபம். சுருதி நிச்சயமாகத் தெரிந்த ஓபராப் பாடலில் தொடங்குங்கள். 'காரோ நோமே' ஈ மேஜர். 'போர்ஜி அமோர்' ஈ ஃபிளாட் மேஜர். 'செம்ப்ரே லிபெரா' ஏ ஃபிளாட் மேஜர். தட்டை 78-ல் ஓட்டி, துணைவாத்தியத்தின் கடைசி நாதத்தை டியூனர் செயலியில் பாருங்கள். 'காரோ நோமே' ஈ-க்கு அரைக் கட்டை மேலே, எஃப்-ல் முடிகிறது என்றால் வேகம் 73.6-ஐ ஒட்டியது. 78-க்குப் பக்கத்தில் ஒரு சுற்று வித்தியாசம் ஏறத்தாழ 22 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்). அதை வைத்து மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அன்றைய லண்டனில் பியானோவின் ஏ சுரம் ஒரே இடத்தில் இல்லை. பழைய பில்ஹார்மோனிக் சுருதியில் 452 ஹெர்ட்ஸ், 1896-க்குப் பிறகு வந்த புதியதில் 439, பிரெஞ்சுச் சுருதியில் 435. இரு கோடிக்கும் இடையில் 66 சென்ட், அதாவது தட்டில் மூன்று சுற்று. எனவே 'சரியான வேகம் 74.23' என்று தசமப் புள்ளியோடு எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அரைக் கட்டைத் தவறைச் சுருதியால் பிடிக்கலாம். கால் கட்டைத் தவறைப் பிடிக்க உயிரெழுத்துகளைத்தான் நம்ப வேண்டும்.

டோஸ்டி போன்ற இசையமைப்பாளர்களின் ஓபரா சாராத தனிப் பாடல்களை அளவுகோலாக எடுக்கவே கூடாது. பாடகிக்குத் தோதான சுருதியில் மாற்றிப் பாடுவது அவற்றில் வழக்கம். அதற்குப் பதில், மையத்தில் பொறித்திருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே அமர்வு. ஓபராப் பாடலில் கண்டுபிடித்த வேகத்தைப் பக்கத்து எண்ணில் உள்ள தனிப் பாடலுக்கும் போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று: ஒரே பக்கத்துக்குள்ளேயே வேகம் நழுவும். தொடக்கத்தில் வரும் ஒரு பியானோ சுரத்தை முடிவில் வரும் அதே சுரத்தோடு ஒப்பிடுங்கள். முடிவில் சுருதி ஏறியிருந்தால், பதிவின்போது மேசை மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பாடகி மீது பழி போடாதீர்கள்.

கணினியில் திருத்துவதானால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் எடுக்க வேண்டும். 78-லிருந்து 73.6-க்கு இறக்க 0.944 மடங்கு. சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொட்டால் தாளமும் அதிர்வும் பழைய தவறான வேகத்திலேயே நிற்கும்.

அசல் அரக்குத் தட்டு கையில் இருப்பவர்களுக்கு: பிற்காலத்து எல்பி தட்டுக்கான ஊசி வேண்டாம். அது சுமார் 18 மைக்ரான். இந்தத் தடத்தில் அது அடிமட்டம் வரை இறங்கி அழுக்கைத்தான் வாசிக்கும். 76 மைக்ரான் ஊசியில் தொடங்கி, 64-லும் 89-லும் போட்டுப் பாருங்கள். பழைய எஃகு ஊசிகள் தடத்தின் சுவரை ஒரே உயரத்தில் தேய்த்திருக்கும். சற்றுப் பெரிய அல்லது சிறிய ஊசி தேயாத சுவரில் உட்கார்ந்தால் இரைச்சல் சட்டென்று குறையும். எடை 3 முதல் 5 கிராம். தடம் பக்கவாட்டில் மட்டும் அசைவதால் இடது வலது இரண்டையும் கூட்டி மோனோ ஆக்குங்கள். மேலும் கீழுமான அசைவில் வரும் சத்தம் தானாக அடிபட்டுப் போகும். எல்பிக்கென்று வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. ஒலித் திருத்தமும் கூடாது. மின்சாரமே படாத பதிவுக்கு எல்பிக்கான திருத்தத்தைப் போட்டால் அடிநாதம் குமுறும், மேல் ஸ்தாயி மங்கும். கழுவ வடிகட்டிய நீர் போதும். ஆல்கஹால் ஒரு சொட்டுகூட ஆகாது, அரக்கு கரையும்.

இனி, திரும்பாத பங்கு. அன்று மைக் இல்லை; பாடுவது புனல் வழியே போய்ச் சவ்வை அசைக்க, அந்த அசைவு மெழுகில் தடமாக விழுந்தது. புனலும் சவ்வும் மெழுகும் சேர்ந்து பிடித்தது ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். டெனர் ஒருவர் நடு சி-யைப் பாடினால் அடிப்படை அதிர்வு 262; குரலுக்கு நிறம் தரும் அதன் மேல் மடங்குகளில் ஒன்பதாவது வரை அந்த வரம்புக்குள் வந்துவிடும். மெல்பா போன்ற சோப்ரானோ (மேல் ஸ்தாயிப் பெண்குரல்) மேல் சி-யில் பாடினால் அடிப்படையே 1,047. இரண்டாவது மடங்கு 2,093, தப்பிக்கும். மூன்றாவது 3,140, போய்விட்டது. ஒன்பது இழையில் நெய்த துணிக்கும் இரண்டு இழைக்கும் உள்ள வித்தியாசம் இது. ஏறக்குறைய அதே கருவியில் பதிந்த டெனர் கரூசோ ஆளாகவே எதிரில் நிற்கிறார், மெல்பா புல்லாங்குழலாகக் கேட்கிறார் என்றால் காரணம் இதுதான்.

உரப்பு மென்மையையும் இந்தத் தட்டுகளில் நம்ப முடியாது. மேல் சுரத்தைப் பலமாகப் பாடினால் சவ்வு உதறி மெழுகில் கரகரப்பு விழும். அதனால் பாடகர்கள் அந்த இடங்களில் புனலிலிருந்து பின்னால் நகர்வார்கள். ஒலி குறைகிற இடம் பாடகியின் நயமாகவும் இருக்கலாம், இரண்டு அடி பின்னால் போனதாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு சுரம் மட்டும் திடீரென்று முன்னால் குதித்தால் பெரும்பாலும் அது புனலின் சொந்த ஒத்ததிர்வு.

நம்பக்கூடியவை வேறு: சுருதிச் சுத்தம், சுரத்தை எட்டிப் பிடிக்கும் விதம், வேகமான சுரவரிசையின் சீர், டிரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாகப் பாடுவது). டிரில் வரும் ஒரு இடத்தைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு சுரமும் தனித்தனியாக, சம இடைவெளியில், கடைசிவரை கலங்காமல் நிற்கின்றன. நடுங்கும் ஒற்றைச் சுரத்தை டிரில் என்று ஒப்பேற்றும் பாடகர்கள் இந்தப் பரீட்சையில் இரண்டு நொடிகூடத் தாங்க மாட்டார்கள்.

குரல் அரங்கில் எப்படிப் பரவியது என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நூலகர் லயனல் மேப்பிள்சன், நிகழ்ச்சி நடக்கும்போதே எடிசன் போனோகிராஃபில் மெழுகு உருளைகளில் பதிந்துவைத்தார். 1901-ல் மெல்பா பாடிய 'லே உகனோ' ஓபராவின் துண்டு அதில் ஒன்று. ஒவ்வொரு உருளையும் இரண்டு நிமிடம் சொச்சம், தேய்ந்து போனவை. மழைச் சத்தத்துக்குள் கேட்பது போல இருக்கும். ஆனாலும் வாத்தியக் குழுவுக்கு மேலே அந்தக் குரல் பாய்ந்து போகும் வேகம் 1904 தட்டு எதிலும் இல்லை. வீட்டு அறையில் புனலுக்கு அடங்கிப் பாடியவரும் அரங்கில் பாடியவரும் ஒருவர்தானா என்று சந்தேகமே வரும்.

நிறத்துக்குச் சாட்சி 1926 ஜூன் 8, கோவென்ட் கார்டன் பிரியாவிடை நிகழ்ச்சி. மைக் வைத்து மின்முறையில் எடுத்தது. அவருக்கு வயது 65, மூச்சு குறைந்திருக்கிறது. ஆனால் மூன்றாவது, நான்காவது மடங்குகள் வந்து சேர்ந்திருக்கின்றன. 'லா பொஹேம்' ஓபராவின் 'தோந்தே லியேத்தா'வை இதில் இரண்டு முறை கேட்டுவிட்டு, வேகம் திருத்திய 1904 தட்டுக்குப் போங்கள். திருத்த வசதியில்லை என்றால் நாக்ஸாஸ் வெளியீட்டில் ஒலிப் பொறியாளர் வார்டு மார்ஸ்டன் பழைய தட்டுகளிலிருந்து மாற்றியெடுத்த பதிவு இருக்கிறது. இரைச்சலை அறவே துடைத்தெடுத்த இணையப் பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலும் மிச்சமிருக்கும் மேல் மடங்குகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைத் துடைக்கும்போது மற்றதும் போய்விடும்.