மன்ஹாட்டனில் சப்வே கேட்ட கதை

"சப்வே எங்கே இருக்கிறது?" என்று நான் கேட்ட ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 23ஆம் தெருவும் 7ஆவது அவென்யூவும் கூடும் முனையில் நின்றுகொண்டு, வண்டிகள் ஓயாமல் வருகின்றனவே என்று எதிர்ப்புறம் போகச் சுரங்கப்பாதை தேடிக்கொண்டிருந்தேன். தி.நகர் துரைசாமி சப்வே வழியாகப் பல ஆண்டுகள் போய்வந்தவனுக்குச் சப்வே என்றால் மழைக்காலத்தில் முதலில் மூழ்குகிற அந்தப் பாதைதான். நான் கேட்டவர் நடையை நிறுத்தாமலே பின்பக்கம் கைகாட்டிவிட்டுப் போனார். படியிறங்கிப் பார்த்தால், கட்டணத் தடுப்பும் அதற்கு அப்பால் நடைமேடையும் இருந்தன. அந்த ஊரில் சப்வே என்பது ரயில். போதாக்குறைக்கு அந்த வாசல் தெற்கே போகும் ரயிலுக்கு மட்டுமானது. வடக்கே போகிறவர்கள், நான் கடக்கத் தயங்கிய அதே சாலையைக் கடந்துதான் எதிர்வாசலில் இறங்க வேண்டும்.

மேலேறி வந்து, ஃபிளாட்அயர்ன் கட்டடத்திற்கு வழி கேட்டேன். "கிழக்கே இரண்டு பிளாக்" என்று பதில் வந்தது. நமக்கு பிளாக் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏ பிளாக், பி பிளாக். அங்கே ஒரு குறுக்குத்தெருவிலிருந்து அடுத்த குறுக்குத்தெரு வரையிலான தூரம். வடக்கு தெற்காக நடந்தால் ஒரு பிளாக் ஏறத்தாழ 80 மீட்டர்தான். ஆனால் கிழக்கு மேற்காக, ஓர் அவென்யூவிலிருந்து அடுத்த அவென்யூவுக்கு, அதைப்போல மூன்று மடங்கு நடக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. உள்ளூர்க்காரருக்கு அது சொல்லத் தோன்றாத விஷயம்.

கேட்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. "மன்னிக்கவும் ஐயா, நான் ஊருக்குப் புதிது" என்று நான் ஆங்கிலத்தில் தொடங்கி முடிப்பதற்குள் எதிரே வந்தவர் பத்தடி தாண்டியிருப்பார். நம்மூரிலோ வழி கேட்டால், "யார் வீட்டுக்கு? எங்கிருந்து வர்றீங்க?" என்று பதிலுக்கு இரண்டு கேள்விகள் வந்த பிறகுதான் வழி வரும். "ஐந்தாவது அவென்யூ எந்தப் பக்கம்?" என்று மொட்டையாகக் கேட்பது எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது, அதற்குத்தான் பதில் கிடைத்தது.

எனக்கு வியப்பாக இருந்தது அந்தப் பதில்களின் தினுசு. சென்னை ஆட்டோவில் பழகிய லெஃப்ட், ரைட்டை அங்கே அதிகம் கேட்கவில்லை. 1811இல் வகுத்த திட்டப்படி கட்டம் கட்டமாக அமைந்த தெருக்கள் என்பதால், பலரும் திசை சொல்லியே வழி காட்டினார்கள். "கெழக்கால போயி, தெக்கால திரும்பு" என்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் என் அப்பாயி சொல்வாரே, அதையேதான் இவர்கள் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். (அவர்கள் வடக்கு என்பது உண்மையான வடக்கிலிருந்து 29 பாகை கிழக்கே சாய்ந்தது. அப்பாயி ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.)

அது ஜூன் மாதம். திரும்பும்போது யாரையும் கேட்கவில்லை. 23ஆம் தெருவின் கோடியில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது அவென்யூ அந்தப் பக்கம்தான் என்று வெயிலைப் பார்த்தபடி நடந்தேன்.