கிளினிக் கொப்பியில் 7.2

இரவில் நாலு தரம் சலத்துக்கு எழும்புவேன். 66 வயதில் இதெல்லாம் வரும்தானே என்று ஒன்றரை வருடம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம்.

சலக்கடுப்போடு காய்ச்சலும் வந்த பிறகுதான் போனேன். ஒரு தனியார் இடத்தில் இரத்தம் கொடுத்தேன். ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோயோ வேறு கோளாறோ இருந்தால் இரத்தத்தில் ஏறக்கூடிய எண்தான் பி.எஸ்.ஏ. எனக்கு 14.6. நாலுக்கு மேலே போனால் கவனம் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருகோணமலை உட்துறைமுக வீதியில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கிருமித் தொற்று இருக்கும்போது அந்தப் பரிசோதனையைச் செய்தால் எண் ஏறித்தான் காட்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மருந்து முடித்து ஆறு கிழமை கழித்து எடுத்தபோது 7.2. பாதியாகிவிட்டது, ஆனாலும் விட்டுவிடக்கூடிய எண் இல்லை.

நான் இரவில் எழும்புவது புரொஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கத்தால்தான் என்றார் டொக்டர். புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாதாம். மலவாசல் வழியாக விரலால் பரிசோதித்தார். அரை நிமிடம்கூட இல்லை. அதற்கு வெட்கப்பட்டு ஒன்றரை வருடம் இருந்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

எம்.ஆர்.ஐ. எடுக்க இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். சந்தேகமான ஓர் இடம் தெரிந்தது. அடுத்தது பயொப்சி. மலவாசல் வழியாக ஸ்கான் கருவியை வைத்து 12 இடத்தில் ஊசியால் சதை எடுத்தார்கள். விறைக்க மருந்து போட்டதால் நோ பெரிதில்லை. ஒவ்வொரு தரமும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். எண்ணிக்கொண்டு கிடந்தேன், ஒன்பதில் கணக்கு விட்டுப்போனது. மூன்று நாள் சலத்தில் இரத்தம் போனது. அது போகும், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஓடி வாருங்கள் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள், அதனால் பதறவில்லை.

பன்னிரண்டில் இரண்டு துண்டில் புற்றுநோய். கிளீசன் 3+3=6. நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வளவு குழம்பிக் கிடக்கின்றன என்பதற்குக் கொடுக்கிற புள்ளி அது. 10 வரை போகும், 6 என்றால் மிகக் குறைந்த ஆபத்து.

"வெட்டினால் சலம் அடக்க ஏலாமல் போகலாம், தாம்பத்தியம் பாதிக்கலாம். கதிர்ச் சிகிச்சையில மலவாசலும் சலப்பையும் புண்படலாம். உங்களுக்கு இப்ப ரெண்டும் தேவையில்ல, கண்காணிப்பம்" என்றார் டொக்டர். பிரித்தானியாவில் 1,643 பேரைச் சத்திரசிகிச்சை, கதிர், கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்திருக்கிறார்கள். மூன்று பகுதியிலும் ஏறக்குறைய 97 வீதமானோர் இந்த நோயால் சாகவில்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்பில் இருந்தவர்களிடம் அதிகம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் இதை விளங்கப்படுத்தியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "அத்தான், கான்சர் எண்டு சொல்லிப்போட்டு மருந்தும் தராம அனுப்புறாங்களா? இந்தியாவுக்குப் போவம்" என்று மைத்துனர் குதித்தார். மனைவி இரண்டு இரவு கண் மூடவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிப் போனேன். "விட்டு வச்சா கைமீறிப் போகாதா டொக்டர்?" என்று அவவே கேட்டா. "அதைப் பிடிக்கத்தான் அம்மா ஆறு மாசத்துக்கொருக்கா இரத்தம், ஒரு வருசத்தில திரும்பப் பயொப்சி. கூடினா உடன வைத்தியம் தொடங்குவம்." அன்று இரவு நித்திரை கொண்டா.

கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா. "தம்பி, ரெண்டு வருசமா நாரிநோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தேன்" என்றார். அவருக்கு எலும்புக்குப் போய்விட்டது. இந்தப் புற்றுநோய்க்கு ஆண் ஹோர்மோன்தான் தீனி, அதை நிறுத்த மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. விதைகளை அகற்றியும் நிறுத்தலாமாம், அவர் ஊசியை எடுத்திருக்கிறார். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்குதாம், ஆனால் நோ குறைந்து பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

என்னுடைய கடைசி பி.எஸ்.ஏ. எண் 6.9. பங்குனியில் மறு பயொப்சி. தகப்பனுக்கு இருந்தால் ஆண் பிள்ளைகள் 45 வயதிலேயே டொக்டரிடம் கதைக்க வேண்டும் என்பதால் மூத்தவனுக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த டெஸ்டின்ட பேரைச் சொல்லுங்கப்பா, எழுதுறன்" என்றான்.