ஒரே படுகை, பல திட்டங்கள்

கலிஃபோர்னியாவின் 2014ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம், நிலத்துக்கடியில் நீர் தேங்கும் படுகைகளை நிர்வகிக்கும் பொறுப்பை முதலில் உள்ளூர் அமைப்புகளிடமே ஒப்படைத்தது. ஒரே படுகைக்குப் பல அமைப்புகள் தனித்தனித் திட்டங்கள் தீட்டலாம். ஆனால் நீர்மட்டம், இறைப்பு, சேமிப்பு ஆகியவற்றைக் கணக்கிட அனைவரும் ஒரே தரவுகளையும் ஒரே முறைகளையும் பின்பற்ற வேண்டும். என் பார்வையில், சட்டத்தின் கடினமான நிபந்தனை இதுதான். எல்லைக்கோடு நிலத்தின் மேல்தான் இருக்கிறது. ஒருவர் இறைக்கும் நீர் அடுத்தவர் கிணற்றின் மட்டத்தையும் குறைக்கிறது.

சான் வாக்கீன் பள்ளத்தாக்கிலுள்ள டூலி துணைப்படுகையை எடுத்துக்கொள்வோம். மிகையான இறைப்பால் களிமண் அடுக்குகள் இறுகி, நிலம் தாழ்ந்து, அதன் மேல் செல்லும் ஃபிரையன்ட்–கெர்ன் கால்வாயும் தொய்ந்துவிட்டது. புவியீர்ப்பால் மட்டுமே நீர் ஓடும் கால்வாய் அது என்பதால், இடையில் ஏற்பட்ட பள்ளம் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்குச் செல்லும் நீரின் அளவைக் குறைத்தது. அவர்களில் பலர் இந்தப் படுகையிலிருந்து ஒரு சொட்டும் இறைக்காதவர்கள் (இழப்பு மட்டும் அவர்களுக்கு!). இறுகிய களிமண் பழைய கொள்ளளவுக்குப் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதால், பிற்பாடு பெய்யும் நல்ல மழையும் இதைச் சரிசெய்யாது.

அமைப்புகள் 2020இல் அளித்த திட்டங்களும் பின்னர் செய்த திருத்தங்களும் போதுமானவையாக இல்லை எனக் கருதிய மாநில நீர்வள வாரியம், 2024 செப்டம்பரில் இப்படுகையைத் தகுதிகாண் நிலையில் வைத்தது. வீட்டுத் தேவைக்குச் சிறிதளவு இறைப்போரைத் தவிர, பெரும்பாலானோர் மாநிலத்துக்கே கணக்குக் காட்டிக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்பதே இதன் பொருள். உள்ளூர்த் திட்டம் சீரானால் மாநிலத்தின் தலையீடு விலகி, முழுப் பொறுப்பும் மீண்டும் உள்ளூர் அமைப்புகளிடமே செல்லும்.