வடக்குச் சந்தில் ஒரு நிழல் பாத்தி

வீட்டின் வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் நாலடிச் சந்து. சென்னைப் புறநகரில் தனி வீடு என்றால் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும். மிச்சமான டைல்ஸ், உடைந்த வாளி, ஏ.சி.யின் வெளி யூனிட் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். எங்கள் சந்தில் பழைய பாத்தி ஒன்றும் இருந்தது. அதில் மல்லிகை, குரோட்டன்ஸ், ஒரு ரோஜா. மல்லிகை வெளிச்சம் தேடிச் சுவர் உயரத்துக்கு ஓடியிருந்தது, பேருக்குக்கூட ஒரு மொட்டு கிடையாது. குரோட்டன்ஸ் சிவப்பும் மஞ்சளும் போய் வெறும் பச்சையாக நின்றது. எல்லாமே வெயில் கேட்கிற செடிகள். அவற்றை மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மாற்றிவிட்டு, பாத்தியைப் புதிதாக அமைக்கத் தொடங்கினேன்.

வடபக்கம் என்றால் வருஷம் முழுக்க நிழல் என்பார்கள். நம் ஊருக்கு அது பாதிதான் சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. அந்த மாதங்களில் நடுப்பகல் வெயில் சந்துக்குள் நேராக இறங்கும். டிசம்பரிலோ சூரியன் தெற்கே 36 டிகிரி சாய்ந்துவிடுகிறது. 20 அடி உயர வீட்டின் நிழல் நண்பகலிலேயே 14, 15 அடிக்கு வடக்கே விழுந்து சந்தை மூடிவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே சமயத்தில்தான். ஆக, வெளிச்சம் குறைந்த காலத்தில் ஈரம் அதிகம், கத்திரி வெயிலில் அப்படியே தலைகீழ். இரண்டையும் தாங்குகிற செடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கி நகர்த்தத் தோதாகத் தொட்டியில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் செடிகளைத் தேடிப் போனேன்.

நர்சரியில் எதைக் கேட்டாலும் “இது செமி ஷேடு சார், நல்லா வரும்” என்றார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே செடிகள் பச்சை வலைக்குக் கீழே, நாள் முழுக்கச் சீரான வெளிச்சத்தில் வளர்கின்றன. சுவர் நிழல் அப்படியில்லை. மே மாதத்தில் சில மணி நேரம் பொசுக்கும், மற்ற நேரம் இருட்டு.

மண்தான் பெரிய வேலை. கடப்பாரை போட்டால் செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி, பெயிண்ட் டப்பா மூடி என்று வந்துகொண்டே இருந்தது. வீடு கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேயே மூடிவிட்டுப் போவது வழக்கம் போல. சிமெண்ட் கலந்த மண் காரத்தன்மை ஏறியது. வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இலை வெளுக்கும். பழைய ரோஜாவில் அதுவும் தெரிந்தது. ஓரடி ஆழத்துக்கு அள்ளி எறிந்துவிட்டு செம்மண், மண்புழு உரம், பருமணல், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு கலந்து போட்டேன். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் மாடித் தொட்டிக்கு நல்லது. இங்கே மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுக வைக்கும் என்பதால் சேர்க்கவே இல்லை. பாத்தியை அரையடி உயர்த்திக் காம்பவுண்டை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்கு வைத்தேன். வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஜல்லி. அஸ்திவாரத்தில் ஈரம் தங்காது, நடக்கவும் வழி.

வெற்றிலை அம்மாவின் விருப்பம். கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்கிற பயிர், அதனால் இந்த இடம் ஒத்துவரும் என்று நானும் நினைத்தேன். தேங்காய் நார் சுற்றிய கம்பத்தில் ஏற்றிவிட்டிருக்கிறோம். ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டு அடியில் அழுகும். அதற்காக அந்த இடத்தில் மட்டும் மண்ணை இன்னும் மேடாக்கினேன். தரை முழுக்க வல்லாரை, நடுவில் பெரணி, சித்தரத்தை. காலை வெயில் எட்டிப் பார்க்கும் கிழக்கு முனையில் கனகாம்பரம். ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே மழை படாத, காய்ந்தே கிடக்கிற ஓரத்துக்கு ஸ்நேக் பிளான்ட். இலை அழகுக்காக வைக்கிற அக்லோனிமா மட்டும் தொட்டியில். அதன் இலை நேர் வெயிலில் வெந்துவிடும், பங்குனி முடியும்போது வராந்தாவுக்குப் போய்விட வேண்டும்.

ஏ.சி. யூனிட் எதிரே எதுவும் வைக்கவில்லை, அந்த அனல் காற்றில் எந்த இலையும் நிற்காது. ஆனால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. எங்கள் போர் தண்ணீர் பட்டால் அக்லோனிமா நுனி கருகும், ஏ.சி. தண்ணீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்த பிறகு வந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றன.

முதல் மழைக்காலம் முடிந்த நிலவரம்: வல்லாரை பாதைக்கே வந்துவிட்டது. பெரணி செழிப்பு. கனகாம்பரம் பூக்கிறது, ஆனால் வெயிலில் இருக்கிற பக்கத்து வீட்டுச் செடி அளவுக்கு இல்லை. வெற்றிலை மெதுவாகத்தான் ஏறுகிறது, இலை சிறிசு, காரம் மட்டும் குறைவில்லை. பெரிய தொல்லை ஆப்பிரிக்க நத்தை. மழை விட்ட இரவுகளில் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுகிறேன். இந்த நத்தைகள் மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியவை, அதனால் இங்கே பறிக்கிற வல்லாரையைப் பச்சையாகத் தின்பதில்லை. நன்றாகக் கழுவி, வதக்கித் துவையல்தான்.

அடுத்தது கத்திரி வெயில். சன்ஷேடிலிருந்து காம்பவுண்டுக்கு வெயிலில் 50 சதவீதத்தைத் தடுக்கும் பச்சை வலை கட்டக் கொக்கிகள் அடித்தாயிற்று. ஏ.சி. தண்ணீர் விழும் மூலையில் சேம்பு வைக்கலாம் என்கிறார் அம்மா. அப்படியே சேப்பங்கிழங்கும் கிடைக்குமே என்கிறார். கிழங்கு வருமோ என்னவோ, இலைக்காகவாவது வைத்துப் பார்க்கலாம்.